ஐந்து அவுன்ஸ், நூற்றைம்பது மில்லி

பிள்ளையின் எடை ஆறு புள்ளி எட்டு என்று சம்பந்தி சொன்ன அன்றுதான் முதல் சண்டை ஆரம்பித்தது.

"பிள்ளைக்கு எதுக்குங்க புள்ளி?" என்றார் டெய்லர். "பதினஞ்சு பவுண்டு. சொல்லிப் பாருங்க, கேக்கவே நிறைவா இருக்கு. ஆறுன்னா ஏதோ பூனைக்குட்டி மாதிரி இல்ல இருக்கு."

"பூனைக்குட்டி ஆறு கிலோ இருக்காது," என்றார் சம்பந்தி. "அளவுன்னா கேக்க நல்லா இருக்கணும்னு அவசியம் இல்லை. சரியா இருந்தா போதும்."

அளக்கப்பட்ட ஐந்து மாசப் பெண் பிள்ளையோ தராசில் மல்லாந்து கிடந்தபடி இரண்டு தாத்தாக்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் பக்கமும் சேராமல் கொட்டாவி விட்டது.

வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டெய்லர், பிள்ளையின் அப்பாவைப் பெற்றவர். நாற்பது வருஷம் சட்டையும் பேண்ட்டும் தைத்தவர். ஆள் கடைக்குள் நுழையும்போதே இடுப்பு எத்தனை இஞ்சு என்று சொல்லிவிடுவார், தப்பாது. அவர் டேப்பில் ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர். அந்த மறுபக்கத்தை நாற்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட மதித்ததில்லை. அவரைப் பொறுத்தவரை அது டேப்பின் முதுகு, அவ்வளவுதான்.

சம்பந்தி, பிள்ளையின் அம்மாவைப் பெற்றவர். குடிதண்ணீரைச் சோதிக்கிற லேபில் முப்பத்தைந்து வருஷம் குப்பியும் கையுமாக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லியில் அளக்க முடியாத எதுவும் அவருக்கு வதந்தி. தலைவலிக்கிறது என்றால்கூட "எவ்வளவு?" என்று கேட்கிற மனுஷன்.

மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டிய நேரம். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மகன் தன் அப்பாவைக் கூப்பிட்டான். அவள் தன் அப்பாவைக் கூப்பிட்டாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் மறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் இரண்டு ஆட்டோ, இரண்டு பெட்டி, இரண்டு தாத்தா. வீட்டில் உபரியாக இருந்ததோ ஒரே ஒரு கட்டில்.

மருமகள் யோசித்தாள். "ரெண்டு வாரத்துக்கு ரெண்டு பேரும் இருங்க," என்றாள். "அதுக்கப்புறம் ஒருத்தர் போதும், வீடு தாங்காது. பிள்ளை யார்கிட்ட நல்லா இருக்கான்னு பாத்து நானே சொல்றேன்."

டெய்லருக்கு நெஞ்சு பக்கென்றது. வீட்டுக்காரி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் வீட்டில் இப்போது பேச்சுத்துணை என்றால் தையல் மெஷின்தான், அதுவும் எண்ணெய் போட்டால்தான் வாய் திறக்கும். இங்கே வந்த முதல் நாளே பிள்ளை அவருடைய கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடவில்லை. அந்த அரை மணி நேரத்தில் அவர் முடிவு செய்துவிட்டார்: இனி இந்த வீட்டை விட்டுப் போகிறதில்லை. பச்சையாகச் சொன்னால், போக வேண்டியது சம்பந்தி.

சம்பந்தியும் அதையே தலைகீழாக நினைத்திருப்பார். அவர் மனைவி மூத்த மகள் வீட்டோடு போய்ச் செட்டிலாகிவிட்டதால் அவரும் தனிக்கட்டைதான். ஆனால் டெய்லருக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது.

அடுத்த சண்டை குளியல் தண்ணீரில். சம்பந்தி ஒரு கண்ணாடிக் குச்சியைத் தண்ணீரில் முக்கி, "முப்பத்தேழு, ஊத்தலாம்," என்றார்.

"தொண்ணூத்தெட்டரைன்னு சொல்லுங்க," என்றார் டெய்லர்.

"எதுக்கு? தண்ணி பூஜ்யத்துல உறையும், நூறுல கொதிக்கும். நடுவுல எல்லாம் அடங்கிடும். இதைவிடச் சுலபமா ஒரு கணக்கு உண்டா?"

"உறையட்டும், கொதிக்கட்டும். நாம குளிக்கவைக்கப்போறது பிள்ளையை. அதை உறைய வைக்கவும் போறதில்லை, கொதிக்க வைக்கவும் போறதில்லை. மனுஷனுக்கு வேணுங்கிறது மனுஷன் அளவு. என் கணக்குல பூஜ்யம்னா குளிர்ல செத்தோம், நூறுன்னா வெயில்ல செத்தோம். நடுவுல இருக்கிறதுதான் வாழ்க்கை."

"நல்ல வேதாந்தம்தான்," என்றார் சம்பந்தி. "இதை யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். தண்ணிக்கு லேப் போதும். உடம்புக்கு டெய்லர் வேணும்."

இவர்கள் பேசி முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிப்போய், மறுபடி சுடவைத்தார்கள். பிள்ளை அம்மணமாகத் துண்டில் காத்திருந்தது.

பிறகு ஏசி ரிமோட். அதன் முதுகில் மூடிக்குள்ளே ஒரு குட்டிப் பித்தான் இருப்பதை டெய்லர் கண்டுபிடித்தார். அமுக்கினால் இருபத்துநாலு போய் எழுபத்தைந்து வரும். அன்றிலிருந்து சம்பந்தி கக்கூஸுக்குப் போனால் அறை எழுபத்தைந்து, டெய்லர் காப்பி போடப் போனால் அறை இருபத்துநாலு. குளிர் என்னவோ ஒரே குளிர்தான், எண்ணுக்குத்தான் அடிபிடி. இதையெல்லாம் பார்த்துவிட்டு மகன் ஒருவருக்கு 'இஞ்சு' என்றும் இன்னொருவருக்கு 'மில்லி' என்றும் பேர் வைத்தான். மருமகள் சிரிக்கவில்லை. காலையில் ஏழரைக்கெல்லாம் கிளம்புகிறவளுக்குச் சிரிக்க ஏது பொழுது.

சும்மா சொல்லக்கூடாது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் இரண்டு பேரிடமும் குறை கிடையாது. பால் பவுடர் கலப்பது, தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, நாப்பி மாற்றுவது, தூங்கவைப்பது என்று எல்லாம் கற்றுக்கொண்டார்கள். சம்பந்தி லேபில் செய்த மாதிரியே ஒரு நோட்டுப் போட்டார். எத்தனை மணிக்கு, எவ்வளவு பால் என்று அன்றன்றைக்கு எழுதி, ஃபிரிட்ஜ் மேல் திறந்தே வைப்பார். மருமகள் சாயங்காலம் வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "பரவாயில்லையே அப்பா," என்பாள். அந்த 'பரவாயில்லையே' டெய்லரின் காதில் ஊசியாக இறங்கும்.

அவர் சும்மா இருப்பாரா. தன் அளவு நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்துத் தைத்து, தனக்கும் ஒரு நோட்டுச் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் எல்லாம் அவுன்ஸ். மார்பு, இடுப்பு எழுதிப் பழகின கை என்பதால் எழுத்து ரொம்ப அழகு. பால் பாட்டிலில் ஒரு பக்கம் மில்லி, மறுபக்கம் அவுன்ஸ் போட்டிருக்கும். ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். அவர் நோட்டை இவர் பார்ப்பதில்லை, இவர் நோட்டை அவர் பார்ப்பதில்லை. பார்த்தால் அந்த அளவை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற இனம் இரண்டும்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை டெய்லர் காய்கறி வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். பிள்ளை தொட்டிலில் அழுதுகொண்டிருந்தது. சம்பந்தி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் மேல் நோட்டு திறந்திருந்தது. கண் சும்மா இருக்குமா, பட்டுவிட்டது: 10.40 – 150.

நூற்றைம்பது. அதை முப்பதால் வகுத்தால் தெரிந்துவிடும். ஐந்தாம் கிளாஸ் பிள்ளை வகுத்துவிடும். ஆனால் வகுத்தால் தோற்ற மாதிரி. டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளை அழுகிறது, அழுதால் பசி, பசித்தால் பால். மளமளவென்று ஐந்து அவுன்ஸ் கலந்தார். வாயில் வைத்ததைச் சப்புவதுதானே பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே வேலை. முக்கி முனகிக் கடைசிச் சொட்டுவரை குடித்தது. டெய்லருக்கு ஒரே பெருமை. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சட்டைப் பை நோட்டில் '11 – 5' என்று எழுதினார். அறை குளிர்வது போல் பட்டது. பிள்ளையை இரண்டு கம்பளியில் இழுத்துச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டார்.

சம்பந்தி வாளியோடு இறங்கி வந்தார். அவர் வாளியைக் கீழே வைத்ததும் பிள்ளை வாந்தி எடுத்தது. சாதாரண வாந்தி இல்லை. டெய்லரின் தோள், முதுகு, தரை, கொஞ்சம் சம்பந்தியின் வேட்டி. முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

"பத்து நாப்பதுக்குத்தானே பால் குடுத்துத் தூங்க வச்சேன்," என்றார் சம்பந்தி. "நல்லாத்தானே இருந்தா."

டெய்லருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிற்று. நாளை மறுநாள் மருமகள் முடிவு சொல்கிற நாள். வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, "உடம்பு சுடுது," என்று மட்டும் சொன்னார். உண்மைதான், சுடத்தான் செய்தது.

ஆளுக்கொரு தெர்மாமீட்டர். ஆளுக்கொரு அக்குள்.

"முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு," என்றார் சம்பந்தி. "லேசான காய்ச்சல். பதறாதீங்க."

"லேசா? நூறைத் தாண்டிடுச்சுங்க. நூறு புள்ளி எட்டு. உங்க முப்பத்தெட்டைக் கேட்டா யாருக்காவது பயம் வருமா? காய்ச்சல்னா கேட்டவுடனே அடிவயிறு கலங்கணும். அதுக்குத்தான் அளக்கிறது."

"பயப்படுறதுக்கா அளக்கிறோம்? பயப்படாம இருக்கிறதுக்கு அளக்கிறோம்."

டெய்லர் இன்னும் சத்தமாகக் கத்தினார். குற்றமுள்ள நெஞ்சு அல்லவா, சத்தம் போட்டால் கொஞ்சம் ஆறுகிறது. அதற்கு நடுவில் பிள்ளை இன்னொரு தடவை வாந்தி எடுத்தது. மருமகளைக் கூப்பிட இரண்டு பேரும் ஒரே போனைப் பாய்ந்து எடுத்தார்கள்.

மருமகள் கேட்டது ஒரே கேள்வி. "காய்ச்சல் எவ்வளவு?"

"முப்பத்தெட்டும்மா," என்றார் ஒருவர். "நூறும்மா," என்றார் இன்னொருவர். ஒரே போனில், ஒரே மூச்சில். அவள் யாரோ ஒருத்தரின் கண்ணில் மருந்து விட்டுக் காத்திருக்க வைத்திருந்தாள். அந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கிளினிக்கில் டாக்டரம்மா முதலில் செய்த காரியம், இரண்டு கம்பளியையும் உருவிப் போட்டது. கால் மணி நேரத்தில் சூடு இறங்கிவிட்டது. பிள்ளை டாக்டரின் பேனாவைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது.

"காய்ச்சல் எல்லாம் இல்லை. இந்தச் சுத்துச் சுத்தினா நானும்தான் சுடுவேன்," என்றார் டாக்டர். "ஆனா வாந்தி எதனாலன்னு தெரியணும். என்ன குடுத்தீங்க?"

சம்பந்தி நோட்டை நீட்டினார். டாக்டர் பார்த்தார். "நூத்தைம்பது. இந்த வயசுக்கு அது சரியான அளவு. பவுடர் எத்தனை கரண்டி?"

"அஞ்சு," என்றார் சம்பந்தி. பிறகு தொண்டையைச் செருமினார். "அஞ்சுதான் போட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"எண்ணித்தான் போட்டேன். நடுவுல காலிங் பெல் அடிச்சுது. ஒருவேளை ஆறாவது கரண்டி..." அவர் நோட்டைத் திருப்பி வாங்கினார். முப்பத்தைந்து வருஷம் ஒரு சொட்டுக் கூடக் குறைய எழுதாதவர், தன் கையெழுத்தையே யாரோ வேற்று ஆள் எழுதின மாதிரி உற்றுப் பார்த்தார். "தண்ணி அளவு தப்பிடுச்சோ என்னமோ. கண்ணாடி வேற போடலை. என் தப்பாத்தான் இருக்கும்."

மருமகள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா, உங்களைத்தான் நான் முழுசா நம்பினேன்," என்றாள். "வேண்டாம்ப்பா. நீங்க ஊருக்குக் கிளம்புங்க. மாமா பாத்துக்கட்டும்."

பாருங்கள், வேலை முடிந்துவிட்டது. டெய்லர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. சம்பந்தி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டார், மருமகள் தன் வாயாலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். கட்டில் அவருக்கு, பிள்ளை அவருக்கு, எழுபத்தைந்து டிகிரி அவருக்கு. சும்மா நின்றால் போதும்.

சும்மா நிற்கத்தான் பார்த்தார். சம்பந்தி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கையின் விரல்களை இன்னொரு கையால் மடக்கிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. மறுபடி முதலிலிருந்து. போடாத ஆறாவது கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார் அந்த மனுஷன்.

அடச்சே என்று இருந்தது டெய்லருக்கு. இவ்வளவு கேவலமாகவா ஒரு கட்டிலைப் பிடிப்பது.

"நூத்தைம்பது மில்லி," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அவருக்கே நாக்கு புரளவில்லை.

"பதினோரு மணிக்கு நான் குடுத்தேன். இவரு குடுத்ததுக்கு மேல நூத்தைம்பது மில்லி. இவரு கரண்டி சரிதான். தப்பு என்னோடது." சட்டைப் பையிலிருந்து தன் நோட்டை எடுத்து டாக்டர் மேஜை மேல் வைத்தார்.

டாக்டர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இருபது நிமிஷத்துல முந்நூறு மில்லி. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமே ஆகாது, இது பால். இவ்வளவுதான் விஷயம், வேற ஒண்ணும் இல்லை. கூட்டிட்டுப் போங்க."

மருமகள் போகவில்லை. "மாமா, ஃபிரிட்ஜ் மேல அப்பா எழுதி வச்சிருந்தாரே. நீங்க பாக்கலையா?"

"பாத்தேம்மா," என்றார் டெய்லர். "படிக்கலை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறின பிறகுதான் பேசினாள். "அப்போ நீங்க கிளம்புங்க மாமா. சனிக்கிழமை உங்க மகனை பஸ் ஏத்திவிடச் சொல்றேன்."

"சரிம்மா," என்றார் டெய்லர். வேறு என்ன சொல்வது. தெருவைப் பார்த்துக்கொண்டார். வெட்கமில்லாமல் சொல்வதென்றால், அழுகைதான்.

"அவரு போனா நானும் போறேன்," என்றார் சம்பந்தி.

"அப்பா, நீங்க ஏன் நடுவுல?"

"பின்ன என்னம்மா. எழுதி வச்சதெல்லாம் சரியா இருந்தும், செய்யாத தப்பை நான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டேன். இவரு மட்டும் வாயைத் திறக்கலைன்னா சாகுறவரைக்கும் கரண்டி எண்ணிட்டு இருந்திருப்பேன். நான் ஒருத்தனா இருந்தா நாளைக்கு இப்படி ஒண்ணு ஆச்சுன்னா யார் வந்து சொல்லுவா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதுவும் மில்லியில சொன்னாரு," என்றார்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆட்டோ இரண்டு சிக்னல் தாண்டியது. "இன்னும் ரெண்டு வாரம்," என்றாள் கடைசியில். "ரெண்டு பேரும் இருங்க. ஆனா ஒரே நோட்டு."

"எந்த அளவுல?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

அவள் கண்ணைத் திறந்தாள். "அளவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மணியைப் போட்டு, பால் குடுத்தா ஒரு கோடு. குடுக்கலைன்னா கோடு கிடையாது. என் பிள்ளை குடிச்சிருக்காளா இல்லையா, எனக்கு அது தெரிஞ்சா போதும். உங்க அவுன்ஸையும் மில்லியையும் ரெண்டு பேரும் ஒருத்தர் தலையில ஒருத்தர் கொட்டிக்கங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மருமகள் வீட்டு வாசலில் பிள்ளையை டெய்லர் கையில் கொடுத்துவிட்டு, கண்ணில் மருந்து விட்டுக் காத்திருக்கிற ஆளைப் பார்க்க அதே ஆட்டோவில் திரும்பிப் போனாள். சம்பந்தி வேட்டி மாற்றக் குளியலறைக்குள் போனார். டெய்லர் தரையைத் துடைத்தார். மூன்று மணி ஆகும்போது பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு சிணுங்கியது.

டெய்லர் பாட்டிலை எடுத்தார். தண்ணீர் ஊற்றப் போனவர் நின்றார். ஃபிரிட்ஜ் மேல் புதுத் தாள், கோடு எதுவும் இல்லை. ஆனாலும் நின்றார். குளியலறைக் கதவுப் பக்கம் போய் ஒரு தட்டுத் தட்டினார்.

"சம்பந்தி, பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?"

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் பேசாத பேச்சு கிடையாது, போடாத சண்டை கிடையாது. இந்த ஒரு கேள்வியை இருவரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. உள்ளே தண்ணீர் சத்தம் நின்றது.

"இன்னும் இல்லைங்க," என்றார் சம்பந்தி. "நீங்களே குடுங்க."